எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) போர்டு மீட்டிங் மூன்று மணி நேரம் இழுக்கிறது: அஜெண்டாவை எப்படிப் போடுகிறீர்கள்?

முற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில், ஸான் ஹோஸே பக்கம் 72 வீடுகள் கொண்ட டவுன்ஹோம் குடியிருப்பில் இருக்கிறோம். ஜனவரித் தேர்தலில் போர்டுக்கு வந்தேன். வந்த கையோடு தலைவர் பொறுப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். போர்டில் ஐந்து பேர். மாதம் ஒரு மீட்டிங், இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்கு, நீச்சல்குளத்தை ஒட்டிய கிளப்ஹவுஸில்.

இதுவரை மூன்று மீட்டிங் நடத்திவிட்டேன். மூன்றுமே இரவு பத்து மணியைத் தாண்டித்தான் முடிந்தன. போன மீட்டிங்கை அப்படியே சொல்கிறேன்.

மேனேஜ்மென்ட் கம்பெனி அனுப்பிய அஜெண்டா ஒரு பக்கம். பழைய விஷயங்கள், புதிய விஷயங்கள், தோட்டம், நீச்சல்குளம், கூரை, இதர. அவ்வளவுதான். தோட்டம் என்ற சொல் வந்ததும் பைன் மரத்தின் வேர் நடைபாதையைத் தூக்கி நிற்பது பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. ஒரு உறுப்பினர் மரத்தையே எடுக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் வேரை மட்டும் வெட்டினால் போதும் என்கிறார். இருவரும் நல்ல மனிதர்கள்தான், இரண்டு பேருக்கும் குடியிருப்பு மேல் அக்கறை இருக்கிறது. ஆனால் 50 நிமிடம் போனது, முடிவு எதுவும் எடுக்கவில்லை.

கூரைக்கு வந்தபோது மணி 9.40. சி கட்டடத்தில் மழைக்காலத்திலிருந்து கசிவு இருக்கிறது. கைவசம் மூன்று கொட்டேஷன்: 31,000 டாலர், 46,500 டாலர், 58,000 டாலர். மேனேஜர் அவற்றை அங்கேயே, அப்போதுதான் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது பக்கத்தை அந்த நேரத்தில் யார் படிப்பது? "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளினோம். இப்படித் தள்ளுவது மூன்றாவது முறை.

சி கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். ஏழு மணிக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர்கள் பேசும் ஓப்பன் ஃபோரம் எங்களிடம் கடைசியில்தான். பத்து மணிக்கு எழுந்து தன் போனை நீட்டினார். படுக்கையறைச் சுவரில் கூரையிலிருந்து இறங்கிய ஈரக்கறை, ஒரு ஆள் உயரத்துக்கு. கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். "இன்றைக்கு முடிவு சொல்லிவிடுவீர்கள் என்றுதான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அஜெண்டாவை யார் எழுத வேண்டும், எவ்வளவு நாள் முன்னால்? ஓப்பன் ஃபோரம் முதலிலா கடைசியிலா? சின்ன விஷயங்களை ஈமெயிலில் முடித்துக்கொண்டு மீட்டிங்கைச் சுருக்கலாமா?

---

திண்ணை எழுதியது:

தம்பி, கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆரஞ்சு கவுண்டியில் 140 வீட்டுக் காண்டோ ஒன்றில் ஒன்பது வருஷம் செக்ரட்டரியாக இருந்தேன். முதல் இரண்டு வருஷம் எங்கள் மீட்டிங்கும் உங்களுடையது போலத்தான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஈமெயில் விஷயம், ஏனென்றால் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட குடியிருப்புச் சங்கங்களுக்கான டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தும். போர்டு மீட்டிங்குக்கு வெளியே போர்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. அவசர நிலை என்றால் மட்டும் ஈமெயிலில் செய்யலாம், அதற்கும் அத்தனை உறுப்பினரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் கோரம், அதாவது மீட்டிங் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. அந்த மூன்று பேர் நீச்சல்குளம் பக்கம் தற்செயலாகக் கூடிக் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதுவே மீட்டிங் ஆகிவிடும். பேச்சை மாற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி அஜெண்டா. சட்டப்படி மீட்டிங்குக்குக் குறைந்தது 4 நாள் முன்னால் அறிவிப்பு போக வேண்டும், அந்த அறிவிப்பிலேயே அஜெண்டா இருக்க வேண்டும். மூடிய கதவு எக்ஸிக்யூட்டிவ் செஷன் மட்டும்தான் என்றால் 2 நாள் போதும். சிவில் கோட் 4930-ஆம் பிரிவு சொல்வது: அஜெண்டாவில் இல்லாததைப் போர்டு விவாதிக்கவும் கூடாது, முடிவெடுக்கவும் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தொல்லை என்று நினைப்பார்கள். எனக்கு இது பெரிய துணையாக இருந்தது. யாராவது நடுவில் புதிதாக ஒன்றை எடுத்தால், "இது இன்றைய அஜெண்டாவில் இல்லை, அடுத்த மாதத்துக்குக் குறித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, அவர் பார்க்கும்படியே நோட்டில் எழுதுவேன். மனம் கோணாமல் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் மட்டும் ஓப்பன் ஃபோரத்தில் எதைப் பற்றியும் பேசலாம். போர்டு சுருக்கமாகப் பதில் சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், மேனேஜரிடம் விசாரித்துச் சொல்லும்படி பணிக்கலாம்.

ஆனால் இதெல்லாம் வேலை செய்ய வேண்டும் என்றால் அஜெண்டாவின் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். "கூரை" என்று ஒற்றைச் சொல் போட்டால் ஐந்து பேரும் ஐந்து கூரையைப் பற்றிப் பேசுவார்கள். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"5. சி கட்டடக் கூரை: இணைப்பில் உள்ள மூன்று கொட்டேஷன்களில் ஒன்றை ஏற்று, ரிசர்வ் நிதியிலிருந்து 50,000 டாலருக்கு மிகாமல் செலவிடலாமா? எடுத்துச் சொல்பவர்: பொருளாளர். 20 நிமிடம். இணைப்பு 3."

ரிசர்வ் என்றால் பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைக்கும் நிதி. இந்த வரியைப் படிக்கிற வீட்டுக்காரருக்கு அன்று என்ன முடிவாகப் போகிறது, எவ்வளவு பணம், எங்கிருந்து என்று எல்லாம் தெரிந்துவிடும். போர்டில் இருப்பவருக்கு எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று தெரியும். ஒரு வரியைக் கேள்வியாக எழுத வரவில்லை என்றால் அந்த விஷயம் இன்னும் மீட்டிங்குக்குப் பழுக்கவில்லை.

உங்கள் பைன் மரம் அப்படிப்பட்டதுதான். "மரத்தை எடுப்பதா வேண்டாமா" என்பதற்குப் பதில் சொல்ல உங்களில் யாரிடமும் தகவல் இல்லை. வேரை வெட்டினால் மரம் நிற்குமா, காற்றில் சாயுமா என்று மரம் படித்தவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பொது இடத்து மரத்தை எடுக்க ஸான் ஹோஸே நகராட்சியிடம் அனுமதியும் வாங்க வேண்டும். ஆக இந்த மாதத்துக் கேள்வி, "சான்றிதழ் பெற்ற மர நிபுணரிடம் எழுத்தில் அறிக்கை வாங்க 700 டாலர் வரை செலவிடலாமா?" என்பதுதான். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் வாக்களிப்பார்கள், பாருங்கள். நடைபாதையில் யாரும் தடுக்கி விழாமல் உடனே எதையாவது வைத்து அடையாளம் காட்டச் சொல்லுங்கள், அது மேனேஜரின் அன்றாட வேலை.

வரிசையைப் பொறுத்தவரை ஓப்பன் ஃபோரத்தை முதலில் வையுங்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். வேலை முடிந்து, குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள், பேசிவிட்டுப் போகட்டும். அடுத்து போன மீட்டிங் மினிட்ஸ் (நடந்ததை எழுதி வைத்த குறிப்பு), வழக்கமான ஒப்புதல்கள் எல்லாவற்றையும் கூட்டிக் கட்டி ஒரே வாக்கு. இதைக் கன்சென்ட் அஜெண்டா என்பார்கள். யாராவது ஒருவர் "நான்காவதைத் தனியாக எடுங்கள்" என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இதன் மேலே இருக்கும் நம்பிக்கை போய்விடும். அதற்கடுத்து அன்றைய மிகக் கனமான விஷயம். தலை தெளிவாக இருக்கும் 7.20-க்குக் கூரை வர வேண்டும், 9.40-க்கு வரக் கூடாது. தோட்டக்காரர் என்ன செய்தார், குளத்துப் பம்ப் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எழுத்தில் பேக்கெட்டோடு, அதாவது அஜெண்டாவுடன் அனுப்பும் காகிதக் கட்டோடு போகட்டும். மீட்டிங்கில் வாசிக்க வேண்டாம்.

நாள்கணக்கு நான் வைத்திருந்தது: மீட்டிங் செவ்வாய் என்றால் 11 நாள் முன்னால் வெள்ளிக்கிழமை தலைவர், செக்ரட்டரி, மேனேஜர் மூவரும் போனில் 20 நிமிடம். ஐந்தில் மூவர் அந்தப் பேச்சில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேனேஜர் கணக்கில் வர மாட்டார். 6 நாள் முன்னால் புதன்கிழமை அறிவிப்பும் பேக்கெட்டும். சட்டம் கேட்கும் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே போய்விடும், அச்சு இயந்திரம் மக்கர் செய்தாலும் பயமில்லை.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். அந்தப் பெரியவரை அடுத்த மாதம் வரை காக்க வைக்காதீர்கள். 4 நாள் அறிவிப்பு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் போர்டு கூடலாம். கூரை ஒன்றை மட்டும் வைத்து ஒரு வரி அஜெண்டாவோடு தனி மீட்டிங் போடுங்கள். இதை அவசர மீட்டிங் என்று அறிவிக்காதீர்கள். முன்கூட்டித் தெரியாத, உடனே கவனிக்க வேண்டிய ஒன்றுக்குத்தான் அது. மூன்று மாதமாகத் தெரிந்த கசிவுக்குப் பொருந்தாது.

---

கணக்குநோட்டு எழுதியது:

அக்கா சொன்னதோடு பொருளாளர் பக்கத்திலிருந்து கொஞ்சம். நான் ஸாக்ரமெண்டோவில், ஆறாவது வருஷம்.

உங்கள் மீட்டிங்கில் கணக்கு வாசிக்க எவ்வளவு நேரம் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எங்களிடம் 40 நிமிடம் போனது. வங்கிக் கணக்கு, ரிசர்வ் கணக்கு, பட்ஜெட்டும் நடப்புச் செலவும் ஒப்பீடு, இதையெல்லாம் போர்டு மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று 5500-ஆம் பிரிவு சொல்வதால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த பிரிவான 5501-ஐப் பிறகுதான் படித்தேன். ஒவ்வொரு உறுப்பினரும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், அல்லது பொருளாளரும் இன்னொரு உறுப்பினரும் சேர்ந்த துணைக்குழு பார்க்கலாம். அடுத்த மீட்டிங்கில் அதை உறுதிசெய்து மினிட்ஸில் எழுதினால் போதும். இப்போது எங்கள் அஜெண்டாவில் அது கன்சென்ட் பகுதியில் ஒரே வரி. ஏதாவது இடித்தால் மட்டும் தனியாக எடுக்கிறேன். சென்ற இலையுதிர் காலத்தில் தண்ணீர்ச் செலவு பட்ஜெட்டைவிட இரண்டு மடங்காக இருந்தது. அதை மட்டும் எடுத்துப் பேசினோம், மண்ணுக்கடியில் குழாய் உடைந்திருந்தது தெரியவந்தது. எல்லா வரியையும் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் இது கண்ணில் பட்டிருக்குமா என்று தெரியாது.

கூரைக்குப் பணம் எடுக்கும்போது: உங்களைப் போல 51 வீடோ அதற்கு மேலோ இருந்தால் 10,000 டாலர், அல்லது ஆண்டு நடப்புச் செலவு பட்ஜெட்டில் மதிப்பிட்டிருக்கும் வருமானத்தில் 5 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவோ அதற்கு மேலோ உள்ள தொகையை மாற்றப் போர்டின் எழுத்துபூர்வ முன் ஒப்புதல் வேண்டும். தீர்மானத்தின் வாசகத்திலேயே தொகையையும் கணக்கையும் எழுதிவிட்டால் பிறகு ஒரு மீட்டிங் தேவைப்படாது.

ஒரு வருஷக் காலண்டரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு முடிய 90 முதல் 30 நாள் முன்னால் பட்ஜெட் அறிக்கை வீட்டுக்காரர்களுக்குப் போயாக வேண்டும். டிசம்பரில் முடிகிற ஆண்டு என்றால் அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் 1 வரை. ஆக பட்ஜெட்டின் முதல் பேச்சு செப்டம்பர் அஜெண்டாவில் வந்துவிட வேண்டும். ரிசர்வ் ஆய்வுக்கு (எந்தப் பழுதுக்கு எப்போது எவ்வளவு பணம் வேண்டும் என்ற கணக்கு) மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குடியிருப்பை நேரில் வந்து பார்க்க வேண்டும், அதை வருஷாவருஷம் போர்டு மறுபார்வையும் செய்ய வேண்டும். இவை எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவை. ஆனாலும் எத்தனையோ போர்டுகள் நவம்பர் மாதம் திடீரென்று பார்த்ததைப் போலப் பதறுகின்றன.

கட்டணம் கட்டாத வீட்டின் மேல் லியன் (பாக்கிக்காக வீட்டின் மேல் பதிவு செய்யும் உரிமை) போடும் முடிவைத் திறந்த மீட்டிங்கில்தான் வாக்கெடுக்க வேண்டும். அஜெண்டாவில் அந்த வீட்டுக்காரர் பெயரை எழுதிவிடாதீர்கள், பார்சல் எண் (மனையின் பதிவு எண்) போதும். பக்கத்து வீட்டார் நடுவில் ஒரு குடும்பத்தின் மானம் சம்பந்தப்பட்டது.

---

வேலியோரம் எழுதியது:

நான் டெக்ஸாஸில், ஆஸ்டின் பக்கம். படிக்கிற மற்ற மாநிலக்காரர்கள் 4 நாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு வழக்கமான போர்டு மீட்டிங்குக்கு 144 மணி நேரம், சிறப்பு மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னால் அறிவிப்பு. ஃபுளோரிடாவில் இருக்கும் என் அண்ணன் போர்டில் 48 மணி நேரம். ஆனால் சிறப்புக் கட்டணம் விதிப்பதைப் பேசுவதானால் அங்கே 14 நாள் முன்னால் சொல்ல வேண்டும். அவரவர் மாநிலச் சட்டத்தையும் தங்கள் சங்கத்தின் பைலாஸையும் (உள்விதிகள்) ஒருமுறை பக்கம் பக்கமாகப் படித்துவிடுங்கள்.

ஓப்பன் ஃபோரம் விஷயத்தில் அக்காவோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. முதலிலேயே பேசவிட்டால், கூரை பற்றிப் போர்டு என்ன சொல்லப் போகிறது என்று தெரியாமல் பேசுகிறார்கள். நாங்கள் முதலில் 10 நிமிடம் வைத்திருக்கிறோம். அதோடு பெரிய செலவு எதுவானாலும் பொருளாளர் எடுத்துச் சொன்ன பிறகு, போர்டு வாக்களிக்கும் முன் வீட்டுக்காரர்கள் இன்னொரு முறை பேச இடம் தருகிறோம். நேரம் கொஞ்சம் கூடும். ஆனால் முடிவுக்குப் பிறகு வரும் கோபக் கடிதங்கள் குறைந்துவிட்டன.

---

சாவிக்கொத்து எழுதியது:

நான் மறுபக்கம் இருப்பவள். மேனேஜ்மென்ட் கம்பெனி ஒன்றில் ஏழு குடியிருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது அந்த வேலையில் இல்லை.

ஏன் "தோட்டம், நீச்சல்குளம், கூரை, இதர" என்று வருகிறது தெரியுமா? போர்டிலிருந்து யாரும் எதுவும் சொல்லாததால் போன மாதத்துக் கோப்பைத் திறந்து தேதியை மாற்றி அனுப்புவோம். நானும் செய்திருக்கிறேன், இன்று வரை அதற்காக வருத்தம் உண்டு. எனக்கிருந்த ஏழில் ஒரு தலைவர் மட்டும் மீட்டிங் முடிந்த மறுநாளே, யார் எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்று ஐந்தாறு வரி எழுதி அனுப்புவார். அந்தக் குடியிருப்பின் வேலையைத்தான் நான் முதலில் எடுப்பேன், ஏனென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே மட்டும்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

உங்கள் மூன்று கொட்டேஷனைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். 31,000-க்கும் 58,000-க்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் மூவரும் ஒரே வேலையைச் சொல்லவில்லை. குறைந்த தொகைக்காரர் மேலோடுகளை மட்டும் மாற்றுவார். அடியில் உளுத்துப்போன பிளைவுட்டை மாற்றுவது, சுவரும் கூரையும் சேரும் இடத்துத் தகரம், பழையதை அள்ளிக்கொண்டு போவது எல்லாம் தனிக் கணக்கு என்று மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். மேனேஜரிடம் ஒரே பக்கத்தில் அட்டவணை கேளுங்கள். இடப்பக்கம் வேலைகள், மேலே மூன்று கம்பெனிகள், எதில் எது சேர்ந்திருக்கிறது, பிளைவுட் ஒரு தகட்டுக்கு எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை வருஷம். அந்த ஒரு பக்கம் இல்லாமல் கூரையை அஜெண்டாவில் ஏற்றாதீர்கள். ஒப்பந்தப் பேரத்தை எக்ஸிக்யூட்டிவ் செஷனில் பேசச் சட்டம் இடம் தருகிறது, விலை அடித்துப் பேச வேண்டியிருந்தால் அங்கே பேசிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே போன் செய்து சி கட்டடத்தின் மேல் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட சின்னப் பராமரிப்புக்குப் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை வரை அனுமதி இருக்கும்.

---

முற்றம் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்லவும், நடந்ததைச் சொல்லவும்.

சாவிக்கொத்து எழுதிய அன்றே மேனேஜரை அழைத்தேன். ஒப்பந்தத்தைப் பார்த்தால் 1,500 டாலர் வரை அவராகவே செய்யலாம். மறுநாள் மதியம் தார்ப்பாய் ஏறிவிட்டது. பெரியவர் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். கட்டில் நடு அறையில்தான் இருந்தது. கட்டிலுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தார், ராத்திரி சொட்டினால் உடனே துடைக்க.

அட்டவணை வர நான்கு நாள் ஆனது. சொன்னது போலவே 31,000-இல் பிளைவுட்டும் இல்லை, குப்பை அள்ளுவதும் இல்லை. எல்லாம் சேர்த்தால் 44,000-ஐத் தாண்டுகிறது. 46,500-இல் எல்லாம் அடக்கம், உத்தரவாதமும் ஐந்து வருஷம் கூடுதல். மூன்று மாதமாக எங்களைத் திணறடித்த விஷயம் அந்த ஒரு பக்கத்தில் கண்முன்னே நின்றது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை தனி மீட்டிங். அஜெண்டாவில் திண்ணை அக்கா எழுதிய வரியைத் தொகையைக்கூட மாற்றாமல் அப்படியே போட்டேன். ஏழு மணிக்கு ஓப்பன் ஃபோரம், பெரியவர்தான் முதலில் பேசினார். பொருளாளர் எட்டு நிமிடம் விளக்கினார். வேலியோரம் சொன்னபடி வாக்குக்கு முன் வீட்டுக்காரர்களை இன்னொரு முறை கேட்டேன். ஏ கட்டடத்தில் இருக்கும் ஒரு அம்மா, "சி கட்டடத்துக்கு இப்போது செய்தால் எங்கள் கூரைக்கு ரிசர்வில் மிச்சம் இருக்குமா?" என்று கேட்டார். எங்களில் யாரும் யோசிக்காத கேள்வி. ரிசர்வ் ஆய்வைத் திறந்து பார்த்தால் ஏ கட்டடக் கூரைக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது, அதற்கான தொகை தனியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினோம். நான்குக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர், 58,000 கம்பெனியின் வேலையைத் தன் பழைய வீட்டில் பார்த்தவர். அவர் காரணத்தையும் மினிட்ஸில் எழுதினோம். கலைந்தபோது மணி 7.41.

செவ்வாய்க்கிழமை வழக்கமான மீட்டிங் 8.50-க்கு முடிந்தது. கணக்கு ஒரே வரியில் போனது. மர நிபுணர் அறிக்கைக்கு ஐந்து பேரும் கை தூக்கினார்கள். ஆனால் எல்லாம் சரியாக நடக்கவில்லை. விருந்தினர் கார் நிறுத்தும் விதியை "கலந்து பேச" என்று மட்டும் எழுதிவிட்டேன். கேள்வியாக எழுத எனக்கு வரவில்லை. அதில் 35 நிமிடம் போய், ஒன்பது வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாசலில் நின்ற காரைப் பற்றிச் சொல்லி, முடிவில்லாமல் நின்றது. ஜூன் மாதத்துக்கு அதை எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள். 72 வீட்டுக்கு 11 விருந்தினர் இடம், தற்போதைய விதியில் நேர வரம்பு எதுவும் இல்லை.

---

திண்ணை எழுதியது:

தம்பி, 7.41 என்று படித்ததும் இங்கே சத்தமாகவே சந்தோஷப்பட்டேன். பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கார் விஷயத்தில் ஜூனில் விதியே வேண்டாம். "மே 15 முதல் ஜூன் 5 வரை இரவு 10 மணிக்கு 11 இடங்களில் எத்தனை நிறைந்திருந்தன, அதே கார் எத்தனை இரவு நின்றது என்று மேனேஜர் எடுத்த கணக்கைப் பெற்று, விதி வரைவு எழுத இரண்டு வீட்டுக்காரர்கள், ஒரு போர்டு உறுப்பினர் கொண்ட குழுவை அமைக்கலாமா?" என்று எழுதுங்கள். கணக்கை எடுக்க இப்போதே சொன்னால்தான் ஜூன் பேக்கெட்டுக்கு வரும். வரைவு தயாரான பிறகும் உடனே வாக்கெடுத்துவிட முடியாது. பொது இடத்தைப் பயன்படுத்தும் விதியை மாற்றுவதானால் வாசகத்தையும் காரணத்தையும் 28 நாள் முன்னால் எல்லா வீட்டுக்கும் அனுப்பி, கருத்துகளைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆக வாக்கெடுப்பு ஆகஸ்ட் அஜெண்டாவில்தான் வரும். அந்த ஒன்பது பேரில் அதிகம் சத்தம் போட்டவரைக் குழுவுக்குக் கேட்டுப் பாருங்கள்.